பி.ஏ. இங்கிலீஷ்: போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்ப வரும்?

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற மாசத்துல ஆடிட்டர் ஆபீஸுக்கு வர்றவங்க எல்லாரும் வரிக் கணக்கு கேட்க மட்டும் வர்றதில்ல. "பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ்தான் வேணும்னு நிக்கிறா சார், அது சோறு போடுமா?" அப்படிங்கிற கேள்வியும் கூடவே வரும்.

இதுக்கு ஊர்ல ரெண்டு பதில் தயாரா இருக்கு. "இங்கிலீஷ் தெரிஞ்சா எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்" ஒன்னு. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன கிழிக்கப் போற, பேசாம கம்ப்யூட்டர் எடு" இன்னொன்னு. ரெண்டு பதில்லயும் ஒரு ரூபாய்க்கணக்கு கூட இல்ல. மூணு வருஷமும் சில லட்சமும் போடப்போற ஒரு முடிவுக்குக் கணக்கு இல்லாம பதில் சொல்லக்கூடாது.

அதனால இன்னிக்கு ஒரு தொழிலுக்குப் போடுற முதலீடு மாதிரியே இதையும் பார்ப்போம். என்ன போடுறோம், என்ன வருது, எப்போ திரும்ப வருது. முடிவை முதல்லயே சொல்லிடறேன்: இந்தப் படிப்புல ஃபீஸ் பெரிய பிரச்சினையே கிடையாது. காசை விழுங்குறது மூணு விஷயம். தேவைக்கு மீறின காலேஜ், படிச்சு முடிச்ச பிறகு காத்திருக்கிற வருஷங்கள், இங்கிலீஷ் டிகிரி வாங்கியும் இங்கிலீஷ் வராம வெளியே வர்றது. ஒவ்வொன்னா பார்க்கலாம்.

முதல்ல செலவு: மூணு வழி

கீழே இருக்கிற தொகைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்டது. உங்க ஊர், உங்க காலேஜ் பொறுத்து மாறும். உங்க தொகையைப் போட்டு இதே கணக்கை நீங்களும் செய்யலாம்.

வழி 1: அரசு கலைக் கல்லூரி, வீட்டுல இருந்தே போய் வர்றது. ஃபீஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து, மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து வருஷம் ரூ.28,000. மூணு வருஷத்துக்கு ரூ.84,000. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச மாணவியா இருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கு, அதுவும் மாசம் ரூ.1,000. வருஷம் 12,000 வீதம் மூணு வருஷத்துக்கு 36,000. அதைக் கழிச்சா கையில இருந்து போறது ரூ.48,000 மட்டும்தான்.

வழி 2: நகரத்துல ஒரு நல்ல தனியார் காலேஜோட சுயநிதிப் பிரிவு, ஹாஸ்டல்ல தங்கி. ஃபீஸ் 45,000, ஹாஸ்டல் 80,000, இதர செலவு 25,000. வருஷம் ஒன்றரை லட்சம், மூணு வருஷத்துக்கு ரூ.4.5 லட்சம்.

வழி 3: தனியார் பல்கலைக்கழகம். ஃபீஸ் 1.2 லட்சம், ஹாஸ்டல் 1.2 லட்சம், இதர செலவு 40,000. வருஷம் 2.8 லட்சம், மூணு வருஷத்துக்கு ரூ.8.4 லட்சம்.

கவனிங்க, மூணு பேருக்கும் கிடைக்கிற டிகிரி ஒன்னுதான். பாடத்திட்டத்துலயும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஷேக்ஸ்பியர் எல்லா இடத்துலயும் ஷேக்ஸ்பியர்தான். செலவு மட்டும் பதினேழு மடங்கு வித்தியாசம்.

யாரும் எழுதாத செலவு

படிக்கிற மூணு வருஷம் சம்பாதிக்க முடியாது. அந்தச் சம்பாத்தியமும் செலவுதான். பிளஸ் டூ முடிச்ச ஒருத்தர் ஜவுளிக்கடையிலயோ கம்பெனியிலயோ மாசம் ரூ.12,000-க்குச் சேர்றார்னு வைங்க. வருஷம் 6% சம்பள உயர்வுன்னு வச்சா மூணு வருஷத்துல அவர் சம்பாதிக்கிறது சுமார் ரூ.4.58 லட்சம்.

இதையும் சேர்த்தா உண்மையான முதலீடு இப்படி வருது:

வழி 1: 0.48 + 4.58 = ரூ.5.06 லட்சம்
வழி 2: 4.50 + 4.58 = ரூ.9.08 லட்சம்
வழி 3: 8.40 + 4.58 = ரூ.12.98 லட்சம்

அரசு கல்லூரியில படிக்கிறவங்களுக்கு மொத்தச் செலவுல பத்துல ஒரு பங்குகூட கையில இருந்து போறதில்ல. மீதி முழுக்க அவங்களோட நேரம். "ஃபீஸ்தான் கம்மியாச்சே, சும்மா ஒரு டிகிரி இருக்கட்டும்"னு சேர்றவங்க தூக்கிப் போடுறது அந்த நாலரை லட்ச ரூபாய் நேரத்தை. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்குத் திரும்ப வருவோம்.

இப்போ வருமானம்: எந்தக் கதவு எவ்வளவு கொடுக்கும்?

பி.ஏ. இங்கிலீஷ் ஒரு வேலைக்கான படிப்பு கிடையாது. பல கதவுக்குப் பக்கத்துல கொண்டுபோய் விடுற படிப்பு. எந்தக் கதவைத் திறக்குறீங்கங்கிறதுல சம்பளம் இருக்கு.

தனியார் பள்ளி ஆசிரியர்: பள்ளி டிரஸ்ட் கணக்குகளைத் தணிக்கை பண்றப்போ சம்பளப் பதிவேடு பார்ப்போம். சின்ன ஊர்ல இருக்கிற மெட்ரிக் பள்ளியில பி.எட். முடிச்சுப் புதுசா வர்ற ஆசிரியருக்கு 10,000-ல இருந்து 15,000 வரைக்கும் சாதாரணமா பார்க்கலாம். சென்னை, கோவை சி.பி.எஸ்.இ. பள்ளிகள்ல 20,000, 25,000-ன்னு ஆரம்பிக்கும்.

காப்பி எடிட்டிங்: பலருக்கு இப்படி ஒரு தொழில் இருக்கிறதே தெரியாது. வெளிநாட்டு அறிவியல் இதழ்கள், பாடப் புத்தகங்கள் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மொழியைத் திருத்துற வேலை கணிசமா சென்னையிலயும் புதுச்சேரியிலயும் நடக்குது. இலக்கணம் சுத்தமா இருக்கிறவங்களுக்கு இங்க இடம் இருக்கு. ஆரம்பச் சம்பளம் பெரிசா இருக்காது. ஆனா கை பழகினா சம்பளம் ஏறும், வீட்டுல இருந்தே செய்யவும் வழி இருக்கு.

வாய்ஸ் பிராசஸ், கஸ்டமர் சப்போர்ட்: பேச்சு நல்லா வந்தா 18,000-ல இருந்து 25,000. நைட் ஷிஃப்ட் இருக்கும். எந்த டிகிரின்னு இங்க யாரும் கேட்கிறதில்ல, பேச்சைத்தான் கேட்கிறாங்க.

கன்டென்ட் ரைட்டிங்: அஞ்சு வருஷம் முன்னாடி நான் இதை முதல்ல சொல்லியிருப்பேன். இப்போ வார்த்தைக்கு இவ்வளவு பைசான்னு வாங்கின எளிமையான எழுத்து வேலையை ஏ.ஐ. எடுத்துக்கிட்டு வருது. அது எழுதினதைச் சரிபார்க்கத் தெரிஞ்சவங்களுக்கும், ஒரு துறையை ஆழமா தெரிஞ்சு எழுதுறவங்களுக்கும்தான் இனி மதிப்பு.

வங்கித் தேர்வு: ஐ.பி.பி.எஸ். பி.ஓ. பதவிக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.48,480, படிகள் தனி. கிளார்க் பதவிக்கு ரூ.24,050. இங்கிலீஷ் பகுதி உங்களுக்குக் கைவந்தது, ஆனா கணக்கும் ரீசனிங்கும் உட்கார்ந்து பழகினாத்தான் வரும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4: 200 கேள்வியில 100 கேள்வி தமிழ். இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிச்சதுக்காகத் தனி லாபம் எதுவும் இங்க கிடையாது.

சட்டம்: எந்த டிகிரிக்குப் பிறகும் மூணு வருஷ எல்.எல்.பி. படிக்கலாம். நிறைய படிக்கிறது, புரிஞ்சுக்கிறது, தெளிவா எழுதுறது, இந்த மூணும் வழக்கறிஞருக்கு வேணும். இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு நல்லா பொருந்துற ரெண்டாவது டிகிரி இது.

அரசுப் பள்ளி, கல்லூரி ஆசிரியர் வேலையை வேணும்னே விட்டிருக்கேன். அதுக்குத் தனிக் கணக்கு கீழே வருது.

போட்டது எப்போ திரும்ப வரும்?

டிகிரி முடிச்சு 21 வயசுல மாசம் ரூ.18,000-க்கு வேலைக்குச் சேர்றீங்க, வருஷம் 8% உயர்வு. பிளஸ் டூவோட வேலைக்குப் போனவர் அந்த நேரத்துல 14,300 வாங்கிட்டு இருப்பார், 6% உயர்வு. உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம்தான் டிகிரி சம்பாதிச்சுக் கொடுத்த பணம். முதல் வருஷம் அது வெறும் 44,500 ரூபாய்தான். வருஷா வருஷம் கூடும்.

ரூ.18,000-ல ஆரம்பிச்சா:
வழி 1: எட்டாவது வருஷம் முதலீடு திரும்பும், வயசு 29
வழி 2: பதினோராவது வருஷம், வயசு 32
வழி 3: பதிமூணாவது வருஷம், வயசு 34

அதே ஆள் ரூ.25,000-ல ஆரம்பிச்சா:
வழி 1: நாலாவது வருஷம், வயசு 25
வழி 2: ஆறாவது வருஷம், வயசு 27
வழி 3: எட்டாவது வருஷம், வயசு 29

இதுல நான் வட்டி சேர்க்கல, சேர்த்தா இன்னும் தள்ளிப்போகும். வருமான வரியும் சேர்க்கல. புதிய வரி முறையில இந்தச் சம்பளங்களுக்கு வரி வராது.

ரெண்டு பட்டியலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அரசு கல்லூரியில படிச்சு 18,000-க்குச் சேர்றவரும், தனியார் பல்கலைக்கழகத்துல 8.4 லட்சம் செலவு பண்ணி 25,000-க்குச் சேர்றவரும் ஒரே எட்டாவது வருஷத்துலதான் கரையேறுறாங்க. அதாவது, பெரிய காலேஜுக்குக் கூடுதலா கொடுக்கிற எட்டு லட்சம் நியாயம்னு சொல்லணும்னா, அது உங்களுக்கு மாசம் குறைஞ்சது 7,000 ரூபாய் கூடுதல் ஆரம்பச் சம்பளம் வாங்கித் தரணும்.

அட்மிஷன் ஆபீஸ்ல உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "உங்க காலேஜ்ல பிளேஸ்மென்ட் இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. "போன வருஷம் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, நடுவுல இருக்கிற ஆளுக்கு என்ன சம்பளம்?"னு கேளுங்க. போர்டுல பெருசா போட்டிருக்கிற சம்பளம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையனோடது. உங்க பொண்ணு சேரப்போறது வேற டிபார்ட்மென்ட்.

இன்னொன்னு. சென்னையில 25,000 சம்பளம்னா, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 போயிடும். மிஞ்சுறது 16,000. சொந்த ஊர்ல வீட்டுச் சாப்பாட்டோட வாங்குற 16,000-மும் இதுவும் ஒன்னுதான். ஆனா சென்னைச் சம்பளம் ஏறுற வேகம் வேற. அதனால முதல் ரெண்டு வருஷம் கையில நிக்காட்டியும் அது நஷ்டம்னு முடிவு பண்ணிடாதீங்க.

நீளமான பாதை: எம்.ஏ., பி.எட்., அப்புறம் காத்திருப்பு

நம்ம ஊர்ல பி.ஏ. இங்கிலீஷ் சேர்ற பாதிப் பேர் மனசுல இருக்கிறது அரசு ஆசிரியர் வேலை. தப்பே இல்ல. பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.36,400, அகவிலைப்படி சேர்த்தா 55,000-ஐத் தாண்டும். பாதுகாப்பு, மரியாதை எல்லாம் உண்டு. ஆனா அந்தப் பாதைக்கு விலை என்னன்னு பார்க்கணும்.

பி.ஏ. மூணு வருஷம், எம்.ஏ. ரெண்டு வருஷம், பி.எட். ரெண்டு வருஷம். ஒரு வருஷமா இருந்த பி.எட். 2015-ல இருந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. ஆக மொத்தம் ஏழு வருஷம், வெளியே வர்றப்போ வயசு 25. கூடப் படிச்ச தோழி 21 வயசுல 18,000-க்கு வேலைக்குப் போயிருந்தா, இந்த நாலு வருஷத்துல ரூ.9.73 லட்சம் சம்பாதிச்சிருப்பா. இப்போ அவ சம்பளம் 24,500. எம்.ஏ., பி.எட். செலவு ஒன்றரை லட்சத்தையும் சேர்த்தா, நீங்க அவளைவிட சுமார் 11.2 லட்சம் பின்னாடி நிக்கிறீங்க.

அரசு வேலை கிடைச்சிட்டா மாசம் 30,000 ரூபாய் வித்தியாசம் வரும், மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனா எல்லாம் சரியாயிடும். அற்புதமான முதலீடு. கிடைக்கலைன்னா? தனியார் பள்ளியில 22,000-க்குச் சேர்றீங்கன்னு வைங்க. தோழியை எட்டிப்பிடிக்கவே முடியாது. ஒரே படிப்பு, ஒரே உழைப்பு. முடிவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும்.

இதுல யாரும் சரியா சொல்லாத சில விவரங்களைச் சொல்றேன்.

ஒன்னு, பட்டதாரி ஆசிரியர் ஆக எம்.ஏ. தேவை இல்ல. பி.ஏ., பி.எட்., டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி, அதுக்கப்புறம் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. டெட் பாஸ் பண்ணிட்டா வேலை வந்துடும்னு இன்னும் பல வீட்டுல நினைச்சுட்டு இருக்காங்க. அது தகுதிதான், வேலை இல்ல. அந்தச் சான்றிதழ் இப்போ ஆயுள் முழுக்கச் செல்லும்ங்கிறது ஒரு ஆறுதல்.

ரெண்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு எடுக்கிற முதுகலை ஆசிரியர் பதவிக்கு எம்.ஏ.யும் பி.எட்.டும் வேணும், டெட் வேண்டாம். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.36,900. பட்டதாரி ஆசிரியரைவிட எவ்வளவு கூடுதல்? ஐநூறு ரூபாய். ரெண்டு வருஷ எம்.ஏ. ஆரம்பச் சம்பளத்தைப் பெருசா கூட்டாது, எழுதுறதுக்கு இன்னொரு தேர்வைக் கொடுக்கும். அதுக்கு மதிப்பு இருக்கு, ஆனா எம்.ஏ.வை ரெகுலர்ல உட்கார்ந்து படிக்கணுமா, வேலை பார்த்துக்கிட்டே தொலைநிலையில படிக்கலாமான்னு யோசிங்க. தொலைநிலைன்னா அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கான்னு பார்த்துட்டுச் சேருங்க.

மூணு, கல்லூரிப் பேராசிரியர் கனவு. எம்.ஏ.வுக்கு மேல நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லன்னா பிஎச்.டி. வேணும். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. அதே அரசு கல்லூரியில அதே வகுப்பு எடுக்கிற கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியம் ரூ.25,000 அளவுதான். இந்தப் பாதையில போறதுன்னா ஜே.ஆர்.எஃப். வாங்க முயற்சி பண்ணுங்க. நெட் தேர்வுல மேல வர்றவங்களுக்குப் பிஎச்.டி. பண்றப்போ முதல் ரெண்டு வருஷம் மாசம் ரூ.37,000 உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப்.போட பண்ற பிஎச்.டி. ஒரு வேலை மாதிரி. அது இல்லாம கைக்காசுல பண்ற பிஎச்.டி. பல வருஷச் செலவு. எம்.ஏ.வையும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஐதராபாத்ல இருக்கிற இங்கிலீஷ் அண்ட் ஃபாரின் லாங்குவேஜஸ் யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல நுழைவுத் தேர்வு எழுதிப் படிச்சா, செலவும் கட்டுக்குள்ள இருக்கும், நெட்டுக்கான பயிற்சியும் தானா நடக்கும்.

காத்திருப்புக்கு ஒரு தேதி போடுங்க

ஷேர் வாங்குறவங்க ஸ்டாப் லாஸ் போடுவாங்க. இவ்வளவுக்குக் கீழே போனா வித்துட்டு வெளியே வந்துடணும்னு முன்னாடியே தீர்மானிக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கும் அது வேணும், அவங்க போடுறது ரூபாயை இல்ல, வருஷத்தைங்கிறதுதான் வித்தியாசம்.

25 வயசுல வேலைக்குப் போகாம ஒரு வருஷம் கோச்சிங் சென்டர்ல இருந்தா, தோழியோட சம்பளக் கணக்குப்படி அந்த ஒரு வருஷத்தோட விலை 2.94 லட்சம். கோச்சிங் ஃபீஸ், தங்குற செலவு தனி. அதே வருஷம் தனியார் பள்ளியில 15,000-க்கு வேலை பார்த்துக்கிட்டே படிச்சா விலை 1.14 லட்சமா குறையும். ஆசிரியர் நியமன அறிவிப்பு வருஷா வருஷம் வர்றதும் இல்ல. "அடுத்த மாசம் வருதாம்"னு சொல்லிச் சொல்லியே மூணு வருஷம் போன வீடுகள் நிறைய.

அதனால என் சிபாரிசு: முழு நேரமா படிக்கிறது அதிகபட்சம் ஒரு வருஷம். அதுக்கு மேல வேலை பார்த்துக்கிட்டே எழுதுங்க. எத்தனை முயற்சி, எந்த வயசு வரைக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுல எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒட்டுங்க. தோத்துட்டோம்னு நினைச்சு வெளியே வர்றதுக்கும், தீர்மானிச்ச தேதியில வெளியே வர்றதுக்கும் மனசளவுல பெரிய வித்தியாசம் இருக்கு.

டிகிரி வேற, மொழி வேற

இதுதான் இந்தப் பதிவோட முக்கியமான பகுதி. தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்க நிறைய பேர் பி.ஏ. இங்கிலீஷ் சேர்றதுக்குக் காரணம், "அப்பவாவது இங்கிலீஷ் வந்துடும்"ங்கிற நம்பிக்கை. ஆனா இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் கிடையாது. சாசர்ல ஆரம்பிச்சு நாடகம், கவிதை, நாவல், விமர்சனக் கோட்பாடுன்னு போற இலக்கியப் படிப்பு. மொழி ஏற்கெனவே ஓரளவு வரும்னு நினைச்சு வச்ச பாடத்திட்டம்.

மொழி வராத பிள்ளை என்ன பண்ணும்? நோட்ஸ் வாங்கி மனப்பாடம் பண்ணும். பாஸும் ஆயிடும், முதல் வகுப்புகூட வாங்கிடும். அப்புறம் இன்டர்வியூல "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா ரெண்டு வாக்கியத்துக்கு மேல போகாது. வேற டிகிரிக்காரருக்கு இங்கிலீஷ் தடுமாறினா மன்னிச்சுடுவாங்க. இங்கிலீஷ் டிகிரிக்காரருக்குத் தடுமாறினா, "மூணு வருஷம் அப்படி என்னதான் படிச்சே?"ன்னு கேட்பாங்க.

மேல பார்த்த கணக்குல 18,000-க்கும் 25,000-க்கும் நடுவுல இருந்த அந்த 7,000 ரூபாய் ஞாபகம் இருக்கா? அந்த வித்தியாசத்தைக் காலேஜ் பேர் கொடுக்கிறதைவிட பேச்சும் எழுத்தும்தான் அதிகமா கொடுக்குது. எட்டு லட்சம் கொடுத்து வாங்க நினைக்கிற அதே 7,000-ஐ, அரசு கல்லூரியில படிச்சுக்கிட்டே தினம் ஒரு மணி நேரம் போட்டு வாங்க முடியும். தினம் ஒரு இங்கிலீஷ் நாளிதழோட தலையங்கம் சத்தமா படிக்கிறது, அதைப் பத்தி சொந்தமா பத்து வரி எழுதுறது, வகுப்புத் தோழி ஒருத்தியோட தினம் இருபது நிமிஷம் இங்கிலீஷ்ல மட்டும் பேசுறது. செலவு, பேப்பர் காசு. முதல் செமஸ்டர்லயே ஆரம்பிக்கணும். கடைசி வருஷம் வந்து ஆரம்பிச்சா பலன் பாதிதான்.

கடன் வாங்கலாமா?

கல்விக் கடன் ரூ.7.5 லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க. அதனாலயே பலர் முழுசா வாங்கிடறாங்க. கணக்கைப் பாருங்க. வருஷம் 2 லட்சம் வீதம் 6 லட்சம் வாங்குறீங்க, 10% வட்டி. படிக்கிற மூணு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும். தவணை ஆரம்பிக்கிறப்போ கடன் 7.8 லட்சம் ஆகியிருக்கும். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசத் தவணை சுமார் 10,300. சம்பளம் 18,000-னா பாதிக்கு மேல தவணைக்கே போயிடும்.

முதல் சம்பளத்துல தவணை கால் பங்குக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் இருக்கணும். 18,000 சம்பளத்துக்கு 5,000 தவணை தாங்கும். பின்னோக்கிக் கணக்குப் போட்டா, இந்தப் படிப்புக்கு வாங்கலாம்னு நான் சொல்ற கடன் அதிகபட்சம் 3 லட்சம். அதுக்கு மேல தேவைப்பட்டா காலேஜை மாத்துங்க. படிக்கிற காலத்துல வட்டியை மட்டுமாவது மாசா மாசம் கட்டிட்டு வந்தா கடன் வீங்காது. கட்டுற வட்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் வரிக் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையில மட்டும்தான்.

நகையை வித்தோ நிலத்தை அடமானம் வச்சோ முதல் டிகிரிக்குப் போடாதீங்க. பி.ஏ. இங்கிலீஷுக்கு ரெண்டாவது படிப்பு ஒன்னு கிட்டத்தட்ட கட்டாயம் வரும். சட்டமோ, பி.எட்.டோ, எம்.பி.ஏ.வோ, பத்திரிகைப் படிப்போ. சம்பளத்தைத் தூக்கிவிடுறது அந்த ரெண்டாவது படிப்புதான். கைக்காசை அதுக்கு வச்சிருங்க.

யார் சேரலாம், யார் யோசிக்கணும்

சேரலாம்: படிக்கிறதுல உண்மையான ஆசை இருக்கு, கதைப் புத்தகம் எடுத்தா வைக்க மனசு வராது, அரசு அல்லது உதவி பெறும் கல்லூரியில இடம் கிடைக்குது, அடுத்த படிப்பு என்னன்னு தோராயமாவாவது தெரியும். இவங்களுக்கு இது மலிவான, நல்ல முதலீடு. தைரியமா சேருங்க.

யோசிக்கணும்: வேற எதுவும் கிடைக்காததால சேர்றீங்க, இல்ல இங்கிலீஷ் பேச்சு வரணும்ங்கிறதுக்காக மட்டும் சேர்றீங்க. பேச்சு மட்டும்தான் வேணும்னா பி.காம்., பி.சி.ஏ. மாதிரி ஒரு படிப்போட இங்கிலீஷைத் தனியா வளர்த்துக்கிறது மேல்.

வேண்டாம்: 8 லட்சம் செலவு, அதுல முக்கால்வாசி கடன், பிளேஸ்மென்ட் விவரம் கேட்டா மழுப்புறாங்க. இந்த மூணும் சேர்ந்து வந்தா எழுந்து வந்துடுங்க.

"பொண்ணுக்கு ஒரு டிகிரி இருந்தா போதும், கல்யாணத்துக்கு ஆச்சு"ன்னு சேர்த்துவிடுற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டிகிரிக்கப்புறம் அவ சம்பாதிக்கலைன்னா, மேல போட்ட கணக்குல வருமானம் பூஜ்யம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷமாவது வேலைக்குப் போகட்டும், அவ பேர்ல பி.எஃப். கணக்கு ஒன்னு இருக்கட்டும். இடையில நின்னாலும் திரும்ப வேலைக்குப் போறப்போ, அனுபவம்னு காட்ட அந்த ஒரு வருஷம் இருக்கும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. மூணு வருஷச் செலவு எவ்வளவு, 21 வயசுல எதிர்பார்க்கிற சம்பளம் எவ்வளவு, ரெண்டாவது படிப்பு என்ன, அரசுத் தேர்வுன்னா கடைசித் தேதி எது. நாலு வரிதான். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க. நாலு வரியும் நிரம்பிட்டா அட்மிஷன் போடுங்க. நிரம்பலைன்னா இன்னும் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு, அந்தப் படிப்பை முடிச்ச சீனியர் ரெண்டு பேர்கிட்ட பேசிட்டு முடிவெடுங்க.

அடுத்த பதிவுல இதே முறையில பி.காம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.